ஃபாக்ஸா சிஎன்என்னா: அதிபர் தேர்தலில் டிவி செய்தியின் சாய்வை அளக்க முடியுமா?

நீங்கள் கேட்டது இது. டெக்ஸாஸில் இருக்கும் உங்கள் மச்சான் ஃபாக்ஸ் தவிர வேறெதுவும் பார்ப்பதில்லை, நீங்கள் சிஎன்என். நான்கு வருடத்துக்கு ஒரு தடவை அமெரிக்க அதிபர் தேர்தல் வந்தால், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து யாராவது ஒருவர் வெளியேறும் அளவுக்குச் சண்டை. ‘மீடியா முழுக்க டெமாக்ரட் கையில்’ என்பது அவர் வாதம். ‘ஃபாக்ஸ் ரிபப்ளிகன் கட்சியின் ஆபீஸ்’ என்பது உங்கள் வாதம். இதை யாராவது நடுநிலையாக அளந்திருக்கிறார்களா, யார் சொல்வது சரி என்று ஒரே வரியில் சொல்லுங்கள் என்கிறீர்கள். ஒரே வரியில் முடியாது, மன்னிக்கவும். உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: சாய்வு இருக்கிறதா, அதை அளக்க முடியுமா, அது ஓட்டை மாற்றுகிறதா. முதல் கேள்விக்கு ஓரளவு உறுதியான பதில் உண்டு. இரண்டாவதற்கு இழுத்து இழுத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவதற்கு, நீங்கள் எதிர்பார்க்காத அளவு நல்ல ஆதாரம் இருக்கிறது.

நான் பத்திரிகையாளன் இல்லை. பல்கலைக்கழக ஊடக ஆய்வுக் குழு ஒன்றில் பல வருடம் ‘கோடிங்’ பார்த்தவன். கம்ப்யூட்டர் கோடிங் இல்லை. டிவி செய்தியை ஓடவிட்டு, நிறுத்தி, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் போடுகிற வேலை. யார் பேசுகிறார், எத்தனை நொடி, எதைப் பற்றி, அது வேட்பாளருக்குச் சாதகமா பாதகமா. ஒரே செய்தியை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து எண் போடுவோம், அப்புறம் ஒப்பிடுவோம். போதிய அளவு ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கேள்வியையே தாளிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். புதிதாக வருகிறவர்களுக்கு நான் ஒரு வாக்கியத்தைப் பயிற்சிக்குக் கொடுப்பேன்: ‘கொட்டும் மழையிலும் சில நூறு பேர் கலையாமல் நின்று வேட்பாளரின் பேச்சைக் கேட்டார்கள்.’ ஒருவர் சாதகம் என்று போடுவார், மழையிலும் நின்றிருக்கிறார்களே என்று. பக்கத்தில் இருப்பவர் பாதகம் என்பார், சில நூறு பேர்தானா என்று. மூன்றாவது ஆள் நடுநிலை என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். எத்தனை நொடி என்று கேட்டால் மூன்று பேரும் ஒரே பதில் சொல்வார்கள், தொனி என்ன என்று கேட்டால் மட்டும் தகராறு. ‘இந்தச் சேனலில் இத்தனை சதவீதம் எதிர்மறைச் செய்தி’ என்று எங்காவது படிக்கும்போது, அந்த எண்ணுக்குப் பின்னால் இப்படி ஒரு அறையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆய்வாளர்கள் சாய்வை மூன்றாகப் பிரிப்பார்கள். எந்தச் செய்தியை உள்ளே விடுவது என்பதில் வரும் சாய்வு, எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதில் வரும் சாய்வு, என்ன சொல்வது என்பதில் வரும் சாய்வு. வீட்டுச் சண்டையெல்லாம் மூன்றாவதைப் பற்றித்தான். ஆனால் மூன்றிலும் மிகக் கெட்டது முதலாவது, அளக்கவே முடியாததும் அதுதான். ஒளிபரப்பாகாத செய்தியை எப்படி எண்ணுவது? குப்பைக்கூடைக்குப் போன செய்திகளின் பட்டியல் யாரிடமும் கிடையாது. மற்ற இரண்டையும் எண்ணலாம், எண்ணியும் இருக்கிறார்கள். 1948லிருந்து நடந்த அதிபர் தேர்தல்களைப் பற்றிய 59 ஆய்வுகளை ஒன்றாகப் போட்டு அலசிய ஓர் ஆய்வு 2000இல் வந்தது. பத்திரிகைகளில் சொல்லும்படியான கட்சிச் சாய்வு எதுவும் அதில் தென்படவில்லை. ஏபிசி, சிபிஎஸ், என்பிசி போன்ற, கேபிள் இல்லாமல் ஆன்டெனாவிலேயே வரும் நெட்வொர்க் டிவிகளில் சிறிய அளவில், அளக்க முடிகிற ஆனால் பொருட்படுத்தத் தேவையில்லாத சாய்வு தென்பட்டது. இதை உங்கள் மச்சானிடம் சொன்னால் சிரிப்பார், அவர் சிரிப்பதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. சராசரி என்பது ஒரு பக்கம் சாய்ந்ததையும் மறுபக்கம் சாய்ந்ததையும் சேர்த்து நேராக்கிவிடும். அதோடு அந்த ஆய்வுகளில் அநேகமாக எல்லாமே கேபிள் செய்திச் சேனல்கள் தலையெடுப்பதற்கு முந்தைய காலத்தவை.

அவர் கையில் இன்னொரு நல்ல சீட்டும் இருக்கிறது. அமெரிக்கப் பத்திரிகையாளர்களிடையே இந்தியானா பல்கலைக்கழகம் தொடர்ந்து நடத்திய கருத்தாய்வில், 2013இல் தங்களை டெமாக்ரட் என்று சொன்னவர்கள் 28 சதவீதம், ரிபப்ளிகன் என்று சொன்னவர்கள் 7 சதவீதம். மீதிப் பேரில் பெரும்பகுதியினர் எந்தக் கட்சியும் இல்லை என்றார்கள். 2022 ஆய்வில் அது 36க்கு 3 என்று இன்னும் விரிந்துவிட்டது. 1969 நவம்பரில் நிக்ஸனின் துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூ அயோவாவின் டெ மாயினில் பேசியதும் இதைத்தான்: நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னக் கூட்டம் நாடு எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்கிறது என்று. செய்தி அறைக்குள் ரிபப்ளிகன்களைவிட டெமாக்ரட்டுகள் பல மடங்கு அதிகம் என்பது உண்மை. அதனால் அங்கிருந்து வருகிற செய்தியும் ஒரே பக்கம் சாயும் என்பது நம்பக்கூடிய ஊகம், அவ்வளவுதான். அறையைப் பற்றிய எண்ணை வைத்துச் செய்தியைப் பற்றிய எண்ணை நிரூபிக்க முடியாது.

சரி, செய்தியைப் பற்றிய எண்களையே பார்க்கலாம். இங்கேதான் எங்கள் தொழிலின் பெரிய ஓட்டை இருக்கிறது. 2008 தேர்தலில் செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடுவரை வந்த செய்திகளை ஓர் ஆய்வு மையம் எண்ணியது. ரிபப்ளிகன் வேட்பாளர் மெக்கெய்னைப் பற்றியவற்றில் 57 சதவீதம் எதிர்மறை, 14 சதவீதம் மட்டும் நேர்மறை. ஒபாமாவுக்கு 36 நேர்மறை, 29 எதிர்மறை. பார்த்தவுடன் ‘பிடிபட்டார்கள்’ என்று தோன்றும். ஆனால் அந்த ஐந்தாறு வாரத்தில்தான் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய வங்கி திவாலானது, மெக்கெய்ன் பிரசாரத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தார், கருத்துக்கணிப்புகளில் இறங்கிக்கொண்டே போனார். தோற்றுக்கொண்டிருப்பவரைப் பற்றித் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று சொன்னால் எங்கள் தாளில் அது எதிர்மறை. எட்டு வருடம் முன்பு, 2000இல், இதே மாதிரி எண்ணியபோது அடி வாங்கியவர் டெமாக்ரட் கட்சியின் அல் கோர். ரிபப்ளிகன் புஷ்ஷுக்கு அவரைவிட நல்ல செய்தி வந்தது. அப்போது மீடியா ரிபப்ளிகன் பக்கம் சாய்ந்திருந்தது என்று அதிகம் பேர் சொல்வதில்லை.

2016இல் வந்தது இன்னும் வேடிக்கை. ஹார்வர்டின் ஷோரென்ஸ்டீன் மையம் ஐந்து டிவிகளையும் ஐந்து பத்திரிகைகளையும் எடுத்துக்கொண்டு, தொனியைக் கணக்கிட்டது. ஆகஸ்ட் நடுவிலிருந்து தேர்தல்வரை டிரம்ப்புக்கு 77 சதவீதம் எதிர்மறை, ஹிலாரிக்கு 64 சதவீதம். உங்கள் மச்சான் ஜெயித்தார். ஆனால் அதே மையம் 2015லிருந்து முழுப் பிரசாரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டபோது ஹிலாரிக்கு 62 சதவீதம் எதிர்மறை, டிரம்ப்புக்கு 56. இப்போது நீங்கள் ஜெயித்தீர்கள். எண்ணியதும் அதே மையம், எண்ணப்பட்டதும் அதே செய்திகள். எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறோம் என்பதை மாற்றினால் யாருக்கு அநியாயம் நடந்தது என்பதும் மாறுகிறது. 2024இல் மூன்று நெட்வொர்க்குகளின் மாலைச் செய்தியில் ஹாரிஸுக்கு 78 சதவீதம் சாதகம், டிரம்ப்புக்கு 85 சதவீதம் பாதகம் என்று ஒரு கணக்கு வாட்ஸ்அப்பில் சுற்றியிருக்கும். அதை எண்ணியது மீடியா ரிசர்ச் சென்டர். மீடியா இடதுபக்கம், அதாவது டெமாக்ரட் பக்கம், சாய்கிறது என்று காட்டுவதற்காகவே 1987இல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. அதற்காக எண் பொய் என்று சொல்ல மாட்டேன். இந்தப் பக்கத்திலும் மீடியா மேட்டர்ஸ் என்று ஓர் அமைப்பு 2004லிருந்து வலதுசாரிச் சேனல்களை இதே மும்முரத்தோடு கவனிக்கிறது. இவற்றின் எண்ணைப் படிக்கலாம், எதை எண்ணினார்கள் எதை விட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால்.

இதற்கெல்லாம் அடியில் கிடக்கும் சிக்கல் ஒன்று. இரண்டு வேட்பாளர்களும் சமமாக நடந்துகொள்ளாதபோது, சமமான செய்தி நியாயமானதா? 2024 செப்டம்பர் 10ஆம் தேதி ஏபிசி நடத்திய விவாதத்தில் நெறியாளர்கள் டிரம்ப் சொன்னதைப் பல இடத்தில் உடனே திருத்தினார்கள், ஹாரிஸை அப்படித் திருத்தவில்லை. ஒரு தரப்பு இதைப் பச்சைப் பாரபட்சம் என்றது. ஊர்க்காரர்களின் நாய்களையும் பூனைகளையும் குடியேறிகள் தின்கிறார்கள் என்று ஒருவர் சொன்னால் திருத்தாமல் என்ன செய்வது என்றது மறு தரப்பு. ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவனால் இதைத் தீர்க்க முடியாது. எது பொய், எவ்வளவு பெரிய பொய் என்று முதலில் ஒரு தீர்ப்பு வேண்டும். அந்தத் தீர்ப்பு இல்லாமல் ‘பாரபட்சம் இத்தனை சதவீதம்’ என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை, என் பழைய குழு சொன்னாலும்.

அப்படியானால் உறுதியாகச் சொல்லக்கூடியது என்ன என்று கேட்பீர்கள். கட்சிச் சாய்வைவிடப் பல மடங்கு பெரிய ஒரு சாய்வு இருக்கிறது, அதைச் சந்தேகமில்லாமல் அளந்திருக்கிறார்கள். அது பந்தயத்தின் பக்கம் சாய்வது. யார் முன்னால், யார் பின்னால், யார் யாரை என்ன சொன்னார். 1968இல் மாலைச் செய்தியில் ஒரு வேட்பாளர் தன் வாயால் தொடர்ந்து பேசிய துண்டு சராசரியாக 43 நொடி இருந்தது. 1988இல் அது 9 நொடி. ஒன்பது நொடியில் நீங்கள் உங்கள் பெயரையும் ஊரையும் சொல்லி முடிப்பீர்கள், வரிக்கொள்கையைச் சொல்ல முடியாது. மிச்ச நேரத்தில் நிருபர் பேசுகிறார், பின்னால் வேட்பாளரின் வாய் சத்தமில்லாமல் அசைகிறது. 2016இல் ஜனவரியிலிருந்து அக்டோபர் கடைசிவரை மூன்று நெட்வொர்க்குகளின் மாலைச் செய்திகளும் சேர்ந்து கொள்கை விஷயங்களுக்கு என்று ஒதுக்கிய நேரம் 32 நிமிடம் என்று, வருடக்கணக்காக இந்தச் செய்திகளை நிமிடக்கணக்கில் குறித்துவைக்கும் டிண்டால் ரிப்போர்ட் சொன்னது. ஹிலாரி வெளியுறவு அமைச்சராக இருந்தபோது சொந்த சர்வரைப் பயன்படுத்திய ஈமெயில் விவகாரத்துக்கு மட்டும் 100 நிமிடம். இதில் டெமாக்ரட் சாய்வு எங்கே இருக்கிறது என்று உங்கள் மச்சானைக் கேட்கலாம். கேட்டால், டிரம்ப்பின் ஊழல் கதைகளை எத்தனை நிமிடம் போட்டார்கள் என்று அவர் திருப்பிக் கேட்பார், அதுவும் சரியான கேள்விதான்.

அதே வருடம் மார்ச் 15 இரவு ஒரு காட்சி. ஃபுளோரிடா முதலான ஐந்து மாநிலங்களில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலின் முடிவு வந்துகொண்டிருந்தது. அரிசோனாவில், டெமாக்ரட் கட்சிக்குள் ஹிலாரியோடு மோதிய பெர்னி சாண்டர்ஸ் மேடையேறிப் பேசிக்கொண்டிருந்தார். ஃபாக்ஸ், சிஎன்என், எம்எஸ்என்பிசி மூன்றும் அவரை நேரலையில் காட்டவில்லை. காட்டியது காலி மேடையை. டிரம்ப் இனிமேல்தான் வந்து பேசப்போகிற இடம். ஒரு மைக், பின்னால் கொடிகள், கீழே ‘விரைவில் பேசுகிறார்’ என்று ஒரு பட்டை. எங்கள் தாளில் இதற்குத் தொனியாக என்ன போடுவது? சாதகமும் இல்லை, பாதகமும் இல்லை. அவர் வாயே திறக்கவில்லை. ஆனால் மூன்று சேனல்களும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன, இடது வலது என்ற பேதமில்லாமல். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் சிபிஎஸ் தலைவர் லெஸ் மூன்வெஸ் முதலீட்டாளர்கள் கூட்டத்தில், இந்தப் பிரசாரம் அமெரிக்காவுக்கு நல்லதாக இல்லாமல் இருக்கலாம், சிபிஎஸ்ஸுக்கு ரொம்ப நல்லது என்கிற மாதிரி சொல்லிச் சிரித்திருந்தார். டிரம்ப்பின் கூட்டங்களை ஆரம்பத்தில் அளவுக்கு மீறிக் காட்டிவிட்டோம் என்று சிஎன்என் தலைவர் ஜெஃப் ஸக்கர் அக்டோபரில் ஒத்துக்கொண்டார். அதாவது உங்கள் சிஎன்என்.

இனி கேபிள் சேனல்களுக்கு வருகிறேன், உங்கள் சண்டை அங்கேதான். நம் ஊர்ப் பழக்கத்தில் நாம் ஒரு தப்புச் செய்வோம். கலைஞர் டிவி எந்தக் கட்சி என்று யாரும் கேட்பதில்லை, அந்தக் கணக்கையே இங்கேயும் போட்டு ஃபாக்ஸ் ரிபப்ளிகன் கட்சியின் டிவி என்று முடித்துவிடுவோம். அங்கே சேனல் கட்சியின் சொத்து இல்லை. அது ஒரு கம்பெனி, மாதாமாதம் கேபிள் சந்தாவில் ஒரு பங்கும் விளம்பரமும் வாங்குகிறது, அதற்கு விடாமல் பார்க்கிற ஒரு கூட்டம் வேண்டும். 1987இல் ‘ஃபேர்னஸ் டாக்ட்ரின்’ என்ற விதியை எடுத்ததால்தான் ஃபாக்ஸ் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். சர்ச்சையான விஷயத்தில் எதிர்த்தரப்பையும் காட்ட வேண்டும் என்ற அந்த விதி 1949லிருந்து இருந்தது உண்மை. ஆனால் அது அரசாங்கத்திடம் அலைவரிசை உரிமம் வாங்கிய நிலையங்களை மனதில் வைத்துப் போட்டது. 1996 அக்டோபரில் கேபிளில் வந்த ஃபாக்ஸ் நியூஸை அது கட்டிப்போட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

சேனல் கூட்டத்தை இழுக்கிறதா, கூட்டம் சேனலை இழுக்கிறதா என்பதற்கு இரண்டு தேர்தல் இரவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவது 2000 நவம்பர் 7. மாலை ஏறக்குறைய 7.50க்கு ஃபுளோரிடாவில் கோர் ஜெயித்துவிட்டார் என்று நெட்வொர்க்குகள் தங்கள் கணிப்பை வைத்து அறிவித்தன. அந்த மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால், அங்கே வாக்குச்சாவடி இன்னும் மூடவில்லை. பத்து மணி வாக்கில் அறிவிப்பைத் திரும்ப வாங்கினார்கள். விடிகாலை 2.16க்கு ஃபாக்ஸ் முதலில் புஷ் ஜெயித்தார் என்றது. யார் ஜெயித்தார் என்று கணித்து முடிவு செய்யும் அங்குள்ள குழுவின் தலைவர் ஜான் எல்லிஸ், புஷ்ஷின் சொந்த அத்தை மகன்! இதைவிட வெளிப்படையான சாய்வு வேண்டுமா என்று தோன்றும். ஆனால் மற்ற நெட்வொர்க்குகளும் அடுத்த சில நிமிடத்தில் அதையே சொன்னார்கள், ஏனென்றால் எல்லோர் கையிலும் ஒரே கூட்டு நிறுவனத்தின் ஒரே தரவுதான் இருந்தது. ஏபி செய்தி நிறுவனம் மட்டும் அறிவிக்காமல் நின்றது. நான்கு மணி வாக்கில் எல்லோரும் மறுபடி பின்வாங்கினார்கள், 36 நாள் இழுபறிக்குப் பிறகு 537 ஓட்டு வித்தியாசத்தில் புஷ் ஜெயித்ததாக முடிந்தது. அத்தை மகன் அவசரப்பட்டாரா, உதவி செய்தாரா என்று யாரும் நிரூபிக்க முடியாது. பின்னாலேயே ஓடிய மற்றவர்களுக்கு உறவு எதுவும் இல்லை, யாரும் தன்னை முந்திவிடக் கூடாது என்ற பயம்தான். 2004 செப்டம்பரில் புஷ்ஷின் ராணுவச் சேவை பற்றி, சரிபார்க்கப்படாத ஆவணங்களைக் காட்டி சிபிஎஸ் மாட்டிக்கொண்டதையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். விசாரித்த குழு அரசியல் நோக்கம் என்று முடிவுக்கு வரவில்லை, முந்திக்கொள்ளும் வெறி என்றது. நான்கு பேர் வேலையை இழந்தார்கள். உங்கள் மச்சான் ஒத்துக்கொள்ள மாட்டார், பரவாயில்லை.

இரண்டாவது இரவு 2020 நவம்பர் 3. 11.20க்கு, வேறு யாரும் வாய் திறக்காதபோது, அரிசோனா பைடனுக்கு என்று ஃபாக்ஸ் அறிவித்தது. மூன்றரை மணி நேரம் கழித்துத்தான் ஏபி அதையே சொன்னது. கடைசியில் வித்தியாசம் 10,457 ஓட்டு, அறிவிப்பு சரியாக இருந்தது. ஃபாக்ஸின் எண் பார்க்கும் அறை கட்சிக்காக வேலை செய்யவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி கிடையாது. பார்வையாளர்கள் பொங்கினார்கள். ஒரு பகுதியினர் நியூஸ்மேக்ஸ் என்ற சின்னச் சேனலுக்கு மாறினார்கள். அடுத்த வாரங்களில், டொமினியன் என்ற வாக்கு இயந்திரக் கம்பெனி ஓட்டைத் திருடியது என்ற கதைக்கு ஃபாக்ஸின் சில நிகழ்ச்சிகளில் இடம் கிடைத்தது. டொமினியன் வழக்குப் போட்டதில் உள்ளே ஓடிய செய்திகளெல்லாம் நீதிமன்றத்துக்கு வந்தன. திரையில் அந்தக் கதைக்கு இடம் கொடுத்த தொகுப்பாளர்கள், தங்களுக்குள் அதைக் கேலி செய்திருந்தார்கள். சொந்தச் சேனலின் நிருபர் ஒருவர் அந்தக் குற்றச்சாட்டு சரியில்லை என்று ட்வீட் போட்டபோது, அவரை வேலையைவிட்டு எடுக்க வேண்டும் என்று டக்கர் கார்ல்சன் சக தொகுப்பாளர்களுக்கு எழுதினார். அவர் சொன்ன காரணம் கம்பெனிக்கு அடி விழுகிறது, பங்கு விலை இறங்கிவிட்டது என்பது. அரிசோனா முடிவை எடுத்த குழுவில் இருந்த கிறிஸ் ஸ்டைர்வால்ட் 2021 ஜனவரியில் வேலை இழந்தார். 2023 ஏப்ரலில், விசாரணை தொடங்கவேண்டிய நாளில், ஃபாக்ஸ் 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

‘ஃபாக்ஸ் தன் பார்வையாளர்களை ஏமாற்றுகிறது’ என்று நீங்கள் சொல்வது பாதிதான் சரி என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்த வழக்கின் காகிதங்கள். அதில் தெரிவது பார்வையாளர்களைக் கண்டு பயந்துபோன ஒரு சேனல். இடதுபக்கம் சாயும் எம்எஸ்என்பிசியின் (2025 நவம்பரிலிருந்து எம்எஸ் நவ்) மாலை நேரத்திலும் அதே பயம் வேறு வடிவத்தில் உண்டு என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அவர்களுடைய உள்செய்திகள் ஃபாக்ஸுடையவை அளவுக்கு நீதிமன்றத்தில் வெளியே வரவில்லை என்பதால் இது என் நினைப்பு, ஆதாரம் இல்லை. சிஎன்என் பக்கம் உறுதியாக இருப்பது ஒன்று: 2016இல் அங்கே கருத்தாளராக இருந்த டோனா பிரேசில், ஹிலாரி தரப்புக்கு விவாதக் கேள்விகளை முன்கூட்டியே அனுப்பியது வெளியே வந்தது, சேனல் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. எல்லாவற்றையும் பார்வையாளர் தலையில் கட்டுவதும் சரியில்லை. 2017இல் சின்க்ளேர் என்ற கம்பெனி வாங்கிய உள்ளூர் நிலையங்களை ஆராய்ந்தபோது, வாங்கிய பிறகு தேசிய அரசியல் செய்தி கூடியது, தொனி வலதுபக்கம் நகர்ந்தது, பார்ப்பவர்கள் கொஞ்சம் குறைந்தார்கள். கூட்டம் கேட்டதைப் பரிமாறியிருந்தால் கூட்டம் குறைந்திருக்காது. அங்கே முதலாளியின் விருப்பம்தான் வேலை செய்திருக்கிறது.

ஓட்டு மாறுகிறதா என்பது மூன்றாவது கேள்வி. ஃபாக்ஸ் பார்ப்பவர்கள் ரிபப்ளிகனுக்குப் போடுகிறார்கள் என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஏற்கெனவே ரிபப்ளிகனாக இருப்பவர்தானே அதைப் பார்க்கிறார். இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். 1996லிருந்து 2000க்குள் ஃபாக்ஸ் எல்லா ஊர் கேபிளிலும் ஒரே நேரத்தில் வந்துவிடவில்லை, பக்கத்துப் பக்கத்து ஊர்களில்கூட ஒன்றில் வந்தது, ஒன்றில் வரவில்லை. 9,000க்கு மேற்பட்ட ஊர்களை ஒப்பிட்டார்கள். வந்த ஊர்களில் ரிபப்ளிகன் வாக்கு 0.4லிருந்து 0.7 சதவீதப் புள்ளிவரை கூடியிருந்தது. சின்ன எண்தான், ஆனால் ஃபுளோரிடாவின் 537ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்னால் வந்த இன்னொரு ஆய்வு சேனல் எண்ணைப் பிடித்துக்கொண்டது. ரிமோட்டில் முன்னால் இருக்கும் எண்ணை ஜனங்கள் அதிகம் பார்க்கிறார்கள். எந்த ஊரில் ஃபாக்ஸுக்கு எந்த எண் கிடைத்தது என்பது கேபிள்காரரின் தற்செயல். முன்னால் கிடைத்த ஊர்களில் ரிபப்ளிகன் ஓட்டு கூடியது, 2008 வரும்போது அந்த விளைவு 2000இல் இருந்ததைவிடப் பெரிதாகியிருந்தது. இந்த முறைகளை நான் நம்புகிறேன். ஆனால் எல்லாம் கேபிள் காலத்து ஆய்வுகள். துண்டு வீடியோக்களாகப் போனில் செய்தி பார்க்கும் இன்றைய நிலைமைக்கு இந்த எண்களைத் தூக்கிப் பொருத்தக் கூடாது.

நம்புவதா வேண்டாமா என்று நான் இன்னும் தடுமாறும் ஆய்வு ஒன்றும் உண்டு. 1984 தேர்தலில் ரிபப்ளிகன் வேட்பாளர் ரீகன், டெமாக்ரட் வேட்பாளர் மான்டேல் பெயர்களைச் சொல்லும்போது மூன்று மாலைச் செய்தி வாசிப்பாளர்களின் முகம் எப்படி இருந்தது என்று, சத்தத்தை நிறுத்திவிட்டு ஆட்களைப் பார்க்கவைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். டான் ராதருக்கும் டாம் புரோகாவுக்கும் வித்தியாசம் இல்லை. ஏபிசியின் பீட்டர் ஜென்னிங்ஸ் முகம் மட்டும் ரீகன் பெயரில் மலர்ந்தது. ஏபிசி பார்த்தவர்கள் ரீகனுக்கு அதிகம் போட்டிருந்ததாகவும் கண்டார்கள். புன்னகை ஓட்டாக மாறியதா, ரீகனைப் பிடித்தவர்கள் ஏபிசி பார்த்தார்களா? அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அதைப் படித்ததிலிருந்து நான் கோடிங் பார்க்கும்போது முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் ஓடவிடுவேன்.

கடைசியாக உங்களைப் பற்றியும் மச்சானைப் பற்றியும். 1982 லெபனான் போர் பற்றிய டிவி செய்திகளை, இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் ஸ்டான்ஃபோர்டில் போட்டுக்காட்டினார்கள். இருவருக்கும் அதே துண்டுகள். இரண்டு குழுவும் இது எங்களுக்கு எதிரான செய்தி என்றது. விஷயம் அதிகம் தெரிந்தவர்கள்தான் அதிகப் பாரபட்சத்தைக் கண்டார்கள், அது எனக்கே கொஞ்சம் உறைத்தது.

எனவே யார் சொல்வது சரி என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இப்படித்தான் வரும். செய்தி அறைகளில் ரிபப்ளிகன்களைவிட டெமாக்ரட்டுகள் பல மடங்கு அதிகம் என்று அவர் சொன்னால் சரி, அதனால் எப்போதும் டெமாக்ரட்டுக்கு நல்ல செய்தி வருகிறது என்பது 2000ஐயும் 2016ஐயும் பார்த்தால் நிற்கவில்லை. ஃபாக்ஸ் ஓட்டை நகர்த்தியிருக்கிறது என்று நீங்கள் சொன்னால் ஆதாரம் உண்டு, அங்கே எல்லோரும் பொய்யர்கள் என்றால் அரிசோனா இடிக்கும். நீங்கள் இருவரும் பார்ப்பது எட்டு மணிக்கு மேல் வரும் கருத்து நிகழ்ச்சிகள் என்று நினைக்கிறேன், அங்கே சாய்வைத் தேடுவது கடலில் உப்பைத் தேடுகிற மாதிரி. அடுத்த முறை சண்டை வந்தால் மூன்று நெட்வொர்க்குகளின் மாலைச் செய்தியில் ஏதாவது ஒன்றை, விளம்பரம் போக இருபது நிமிடம்தான், இருவரும் ஒரே நாளில் பாருங்கள். ஒவ்வொரு வேட்பாளரும் தன் வாயால் எத்தனை நொடி பேசினார் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள், தொனியை எழுத வேண்டாம். மூன்று நாள் எழுதிவிட்டுத் தாள்களைப் போட்டோ எடுத்து இங்கேயே போட்டால், எண்களைக் கூட்டிப் பார்க்க நான் தயார்.